ஐந்து அரியர் இருக்கிறது, படிப்பை விட்டுவிடவா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வட மாவட்டக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) சேர்ந்திருக்கிறார். இப்போது நான்காவது செமஸ்டர். அப்பா தையல்காரர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர் இவர்தான். கையில் ஐந்து அரியர்: முதல் செமஸ்டர் கணக்கான மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இரண்டாவதில் சர்க்யூட் அனாலிசிஸ், மூன்றாவதில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், எலக்ட்ரானிக் டிவைசஸ், ரேண்டம் ப்ராசஸ். வீட்டில் யாருக்கும் தெரியாது. ரிசல்ட் வந்த அன்று எல்லாம் பாஸ் என்று சொல்லிவிட்டார். அசைன்மென்ட்டுகளை ஒரு சீனியரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார். க்ளாஸ் அட்வைசர், "இப்படியே போனால் இயர் அவுட்தான்" என்று, அதாவது ஒரு வருஷம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். படிப்பை நிறுத்திவிட்டு அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேரலாமா என்று அலுவலகத்தில் விசாரித்தபோது, "சர்டிபிகேட் வேண்டுமென்றால் மீதி வருஷத்துக்கும் பணம் கட்டு" என்றார்களாம். கடைசியில் கேட்கிறார்: "எனக்குக் கணக்கே வராது மேடம். நான் இஞ்சினியரிங்குக்கு லாயக்கில்லாதவளா? சில நாள் காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது."

அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்பது வெறும் சோர்வாக இருக்கலாம். அதைவிடக் கனமானதாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து என்னால் தீர்மானிக்க முடியாது, உங்களுக்குத்தான் தெரியும். சாக வேண்டும் என்ற நினைப்பு எப்போதாவது வந்திருந்தால் இன்றைக்கே 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. கூடவே ஹாஸ்டலில் ஒரே ஒரு தோழியிடமாவது இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரியரைப் பற்றிய திட்டமெல்லாம் அதற்குக் காத்திருக்கும்.

சரி, இப்போது படிப்புக்கு வருவோம்.

கணக்கு வராது என்பது உண்மையா?

நான் உளவியல் ஆலோசகர், பாடம் நடத்துகிறவள் அல்ல. அதனால் நீங்கள் இணைத்திருந்த மதிப்பெண் பட்டியலைப் பெயரையும் பதிவு எண்ணையும் அடித்துவிட்டு, பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்தும் ஒரு தோழியிடம் காட்டினேன். அவர் தோற்ற பேப்பர்களை விட்டுவிட்டு, தேறிய பேப்பர்களைத்தான் முதலில் பார்த்தார். "ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸை முதல் தடவையிலேயே முடித்திருக்கிறாளே, அது என்ன கணக்கு இல்லையா?" என்று கேட்டார். டிஜிட்டல் சிஸ்டம்ஸ் டிசைனிலும் தேறியிருக்கிறீர்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸிலும் தேறியிருக்கிறீர்கள். காஸ் நீக்கல் முறை, கே-மேப், ரௌத் அட்டவணை என்று படிப்படியாகப் போட வேண்டியதெல்லாம் உங்களுக்கு வருகிறது.

வராதது எது என்று அவர் கோடு போட்டுக் காட்டினார். தொகையிடல், அதாவது இன்டக்ரேஷன். மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில் கடைசி இரண்டு யூனிட் அதுதான். சர்க்யூட் அனாலிசிஸில் மின்தேக்கியும் மின்தூண்டியும் வருகிற டிரான்சியன்ட் கணக்குகளுக்கு அது வேண்டும். சிக்னல்ஸில் ஃபூரியர், லாப்லாஸ் இரண்டும் தொகையிடல் இல்லாமல் நகராது. ரேண்டம் ப்ராசஸில், கூட்டு அடர்த்திச் சார்பு ஒன்றைக் கொடுத்து அதிலுள்ள மாறிலியைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள் அல்லவா? மொத்த நிகழ்தகவு ஒன்று என்று எழுதுகிற வரைக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், அடுத்த வரியில் இரட்டைத் தொகையிடல் வந்ததும் பேனா நின்றுவிடும் என்கிறார் தோழி. உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பதினொன்றாம் வகுப்பில் பாதி வருஷம் கணக்கு டீச்சர் இல்லை. தொகை நுண்கணிதம் அந்த வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில், கடைசிக்கு முந்தைய பாடம். பன்னிரண்டில் அதன் பயன்பாடுகள்தான் வரும், அடிப்படையை மறுபடி சொல்லித் தர மாட்டார்கள். பிறகு கல்லூரியில் எல்லாருக்கும் அது தெரியும் என்று வைத்துக்கொண்டு போர்டில் எழுதிக்கொண்டே போய்விடுகிறார்கள்.

ஆகவே ஐந்து அரியரில் நான்குக்கு வேர் ஒன்றுதான். உங்கள் மூளையில் குறையிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் யாரும் நடத்தாமல் போன ஒரு பாடம் இருக்கிறது, அவ்வளவுதான். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இப்படிப் பார்த்தால்தான் எதை முதலில் படிப்பது என்று தெரியும்.

ஐந்தாவதான எலக்ட்ரானிக் டிவைசஸ் கதை வேறு. அங்கே இடறுவது ஆங்கிலம். கைடிலிருந்து பத்தி பத்தியாக மனப்பாடம் செய்வதாகவும், ஹாலில் ஒரு வரி மறந்தால் அதற்கப்புறம் எதுவுமே வராது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதிமூன்று மார்க் கேள்விக்குப் பத்தியை மனப்பாடம் செய்யாதீர்கள். படம், அதில் குறியீடுகள், வேலை செய்யும் விதம் ஆறேழு சிறிய வாக்கியங்களில், சிறப்பியல்பு வரைகோடு, சமன்பாடு. இந்த வரிசையைப் பழக்கிக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் படத்தைப் பார்க்காமல் போடத் தெரிந்தால் வாக்கியம் அதைப் பார்த்தே வரும். உடைந்த ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை. திருத்துகிறவர் தேடுவது படத்தையும் முக்கியச் சொற்களையும்தான்.

தேர்ச்சிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்

நீங்கள் படிப்பது 2021 ரெகுலேஷன், அதாவது பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறை. தியரி பேப்பரில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. தேர்வு 100 மார்க்குக்கு நடந்தாலும் 60க்குக் குறைத்துத்தான் சேர்ப்பார்கள். தேற வேண்டுமென்றால் இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வர வேண்டும். 60இல் 45 சதவீதம் என்பது 27. அப்படியானால் இன்டர்னலில் 23 இருந்தாலே போதும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் கிரேடு கொஞ்சம் கூடுமே தவிர, ஹாலில் 45 எடுக்காமல் பாஸ் கிடையாது.

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். தோற்ற ஐந்து பேப்பரிலும் இன்டர்னல் 28இலிருந்து 32 வரை இருக்கிறது. ஒவ்வொரு உள் மதிப்பீட்டிலும் நூறுக்கு நாற்பது அசைன்மென்ட் வகைக்குத்தான், அதை சீனியர் அழகாக எழுதிக் கொடுத்துவிடுகிறார். காசு கொடுத்து வாங்கியது உங்களுக்குத் தேவையே இல்லாத மார்க். அந்த அசைன்மென்ட்டை நீங்களே தப்பும் தவறுமாக எழுதியிருந்தால் நாலைந்து மார்க் குறைந்திருக்கும், பாஸுக்கு அப்போதும் போதுமாக இருந்திருக்கும், கணக்கில் ஒன்றிரண்டாவது கைக்கு வந்திருக்கும். பிடிபட்டால் என்ன ஆகும் என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். சாட்ஜிபிடியில் எடுத்து எழுதுவதும் இதே வகைதான். அதனிடம் "இந்தப் படி எப்படி வந்தது, தமிழில் சொல்" என்று கேட்பது வேறு. அதற்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் விடையைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது அழுத்தந்திருத்தமாகத் தப்பு சொல்லும்.

அடுத்து, 45 எடுப்பது எப்படி? கணிதப் பேப்பரில் இரண்டு மார்க் பத்து, பதினாறு மார்க் ஐந்து. ஒரு யூனிட்டுக்கு ஆக மொத்தம் 20. மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில் முதல் மூன்று யூனிட்டில் தொகையிடல் வராது. முதல் யூனிட் அணிகள். எஸ்1, எஸ்2, எஸ்3 கண்டுபிடித்துச் சிறப்பியல்புச் சமன்பாடு எழுதி, ஐகன் மதிப்பு, ஐகன் வெக்டர், கேய்லி-ஹாமில்டன் என்று போகிற வேலை. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடமே உங்களுக்கு அணிகளும் அணிக்கோவைகளும்தானே, அதன் தொடர்ச்சிதான் இது. இரண்டாவது வகையிடல், மூன்றாவது பல மாறிச் சார்புகள். மூன்று யூனிட்டும் சேர்ந்து 60 மார்க். அதில் 45 எடுக்க முடியுமா? இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் முடியும். நான்காவது யூனிட்டில் எளிய தொகையிடலைச் சேர்த்துக்கொண்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

என் யோசனை இது. வருகிற ஏப்ரல்-மே தேர்வுக்கு ஐந்து அரியருக்கும் பதிவு செய்து கட்டணம் கட்டிவிடுங்கள், ஆனால் உழைப்பை இரண்டின் மேல் மட்டும் போடுங்கள்: மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், எலக்ட்ரானிக் டிவைசஸ். அதோடு தினமும் ஒரு மணி நேரம் பதினொன்றாம் வகுப்புத் தொகை நுண்கணிதம், தமிழ்ப் புத்தகத்திலேயே, எடுத்துக்காட்டுக் கணக்கிலிருந்து. புத்தகம் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நோட்டில் தமிழ்ச் சொல்லையும் அதற்கான ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். பகுதித் தொகையிடல் உங்களுக்குத் தெரிந்த ஒன்றாகவே இருந்து, கல்லூரியில் ஆங்கிலப் பெயரைக் கேட்டு மிரண்டிருக்கலாம். மீதி மூன்றை நவம்பர்-டிசம்பருக்குத் தள்ளுங்கள். சிக்னல்ஸில் கூட, தனித்தனிப் புள்ளிகளாக வரும் சிக்னல்களின் கன்வல்யூஷன் வெறும் பெருக்கலும் கூட்டலும்தான். இந்த செமஸ்டரில் இருக்கும் டிஎஸ்பிக்கும் (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) அது தேவை என்பதால் அந்தப் பகுதியை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

ரிசல்ட்டில் கிரேடு மட்டும்தான் வரும், மார்க் தெரியாது. அதனால் 43இல் தோற்றோமா, 12இல் தோற்றோமா என்று தெரியாமலேயே பிள்ளைகள் ஒடுங்கிப்போகிறார்கள். அடுத்த முறை எதிலாவது யு, அதாவது தேறவில்லை என்ற கிரேடு வந்தால், சில நாள் அவகாசத்துக்குள் கல்லூரி வழியாக விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மார்க் ஏற வாய்ப்பிருந்தால் மட்டும் மறுமதிப்பீடு. எல்லா பேப்பருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்ட வேண்டாம்.

இயர் அவுட், ஃபர்ஸ்ட் க்ளாஸ், வேலை

இணைப்புக் கல்லூரிகளில் உங்கள் ரெகுலேஷன்படி அரியர் எண்ணிக்கையை வைத்து அடுத்த செமஸ்டருக்குப் போவதைத் தடுக்க முடியாது. நான்கு வருஷப் படிப்பை முடிக்க அதிகபட்சம் ஏழு வருஷம் வரை இடம் உண்டு. அட்வைசர் கோபத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையிலேயே ஒரு வருஷத்தைத் தின்னக்கூடிய விஷயம் வேறொன்று இருக்கிறது, அது வருகைப்பதிவு. கணக்கு வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்கிறார்கள் என்று அந்த நாட்களில் ஹாஸ்டலிலேயே இருந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 75 சதவீதம் வேண்டும். 65க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் போன்ற தகுந்த காரணத்துக்குச் சலுகை கேட்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த விவரங்களில் இது இரண்டாவது. நாளைக்கே போய் உங்கள் சதவீதம் என்ன என்று கேளுங்கள்.

அரியர் வைத்தவர்களுக்கு ஃபர்ஸ்ட் க்ளாஸ் கிடையாது என்பதும் தவறு. டிஸ்டிங்ஷன் கிடைக்காது, அது போய்விட்டது. ஐந்து வருஷத்துக்குள் எல்லாவற்றையும் முடித்து சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான கிரேடு சராசரி) 6.5 இருந்தால் ஃபர்ஸ்ட் க்ளாஸ் உண்டு. வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் பார்ப்பது அந்த நேரத்தில் நிற்கும் அரியர் இருக்கிறதா என்பதை. பழைய அரியரையும் கேட்கிற நிறுவனங்கள் உண்டு, அந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கும். பட்டம் மட்டும் கேட்கிற டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளில் யாரும் அரியர் வரலாறு கேட்பதில்லை.

பி.ஏ. தமிழுக்குப் போனால்?

தமிழ் பிடித்துப் போகிறேன் என்று எழுதியிருந்தால் இந்தப் பத்தி வேறு மாதிரி இருந்திருக்கும். "அங்கே அரியர் விழாது" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? நன்னூலையும் யாப்பருங்கலக்காரிகையையும் ஒரு மாலை நேரம் புரட்டிப் பாருங்கள். இலக்கணப் பேப்பரில் வருஷக்கணக்காகத் தொங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆனாலும் அது கௌரவமான வழி. நீங்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு வழக்கமாக மே மாதவாக்கில் இணையத்தில் விண்ணப்பம் திறக்கும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் கலைக் கல்லூரிப் பட்டப் படிப்புக்கும் உண்டு. இழப்பது எதை என்றும் பாருங்கள்: படித்த இரண்டு வருஷம், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த இடம், அதன்பேரில் அரசு கட்டும் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும். விட்டுவிட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. என் கருத்தைக் கேட்டால், ஒரு தேர்வையாவது மேலே சொன்னபடி எழுதிப் பார்க்காமல் டிசி கேட்காதீர்கள். இரண்டு பேப்பரில் ஒன்றிலாவது தேறினால் தொடருங்கள். இரண்டுமே போய், படிக்கப் படிக்க வெறுப்புதான் வருகிறது என்றால் அப்போது மறுபடி பேசுவோம்.

எப்போது விலகினாலும் சரி, மீதி வருஷக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று கல்லூரி சொல்ல முடியாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதையும், நடுவில் விலகுகிறவரிடம் வரப்போகும் ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்பதையும் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயின் விதிகள் தடை செய்கின்றன. சான்றிதழ் அடமானப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கவுன்டரில் நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். கல்லூரி முதல்வர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம், அதன் நகலில் தேதியோடு கையெழுத்து, தராவிட்டால் பதிவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு, சென்னையில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், தமிழக அரசின் ‘முதல்வரின் முகவரி’ குறைதீர் சேவையான 1100 எண். வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டாலே பல அலுவலகங்கள் இறங்கி வந்துவிடும்.

வீட்டில் சொல்வது

தள்ளிப்போட்டுக்கொண்டே வருவது இதைத்தான் என்று நினைக்கிறேன். "அப்பா மிஷினில் உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணி வரை தைக்கிறார், அவரிடம் எந்த வாயால் சொல்வேன்" என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஆனால் அட்வைசர் ஒருநாள் போன் செய்து அவர் தெரிந்துகொள்வதைவிட நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. அதுவும் போனில் வேண்டாம், ஊருக்குப் போகும்போது நேரில். முதலில் அம்மாவிடம். "அஞ்சு பேப்பர் போயிருக்கும்மா, எல்லாம் பாஸ்னு பொய் சொல்லிட்டேன். ரெண்டு பேப்பர் இந்தத் தடவை எழுதறேன், மூணு அடுத்த தடவை. வருஷம் ஒண்ணும் போகாது, பரீட்சை ஃபீஸ் மட்டும்தான் ஆகும்." இவ்வளவுதான். ஃபெயில் ஆனதைவிட அந்தப் பொய்தான் அவர்களுக்கு அதிகம் வலிக்கும், அதனால் அதை நீங்களே முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். திட்டு விழும். ஒருவேளை அப்பா இரண்டு நாள் பேசாமல் இருப்பார். "போதும், கல்யாணம் பண்ணிடலாம்" என்று யாராவது பேச்செடுத்தால் அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அரசு கட்டணம் கட்டுகிறது, இன்னும் இரண்டு வருஷம்தான் என்பதை மாமாவோ சித்தப்பாவோ வாயிலாகவாவது சொல்ல வையுங்கள்.

அட்வைசரிடமும் ஒருமுறை போங்கள். அவர் கத்துகிறவர் என்றால் கணிதத் துறையில் கொஞ்சம் பொறுமையானவராக யார் இருக்கிறார் என்று சீனியர்களிடம் கேளுங்கள். அவரிடம் போய் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லாதீர்கள், அதற்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "சார், எனக்கு ப்ளஸ் ஒன்னில் இன்டக்ரேஷன் நடத்தவே இல்லை, வாரம் ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்டுக்கொள்ளலாமா" என்று கேளுங்கள். உங்கள் வகுப்பிலேயே இதே நிலையில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கும் மறுக்கக் கஷ்டமாக இருக்கும்.